தடவைக்கு ஒரு குரல்

குளிர்காலத்தில் முதன்முதலாக ஹீட்டரைப் போடும்போது, கோடை முழுக்கப் படிந்த தூசி கருகி ஒரு மணம் எழும், எனக்கு அது பிராங்பர்ட்டில் மாடிவீட்டு மூதாட்டி வைத்திருந்த பழைய வால்வு ரேடியோகிராமின் மணம். அது சூடேறும்வரை நாஃப்தலின் வாசம் வீசும் கம்பளிச் சால்வைக்குள் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், மைன் நதிப் பக்கத்து ஜன்னலில் சாம்பல் வெளிச்சம் நிற்கும், இசைத்தட்டின் ஒரு பக்கம் முடியும்வரை பேசக்கூடாது.

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் 'ஃபியூக் கலை'யை ஹெல்முட் வால்கா 1956இல் ஆர்கனில் வாசித்த பதிவுதான் அந்தத் தட்டில் இருந்தது. ஃபியூக் என்றால் ஒரு கருப்பொருளைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் வடிவம். 14 ஃபியூக்குகள், 4 கேனன்கள், எல்லாம் டி மைனர், எல்லாம் ஒரே கருப்பொருளிலிருந்து கிளைத்தவை, நம் காதுக்குக் கீரவாணியின் சாயல். எந்த வேகத்தில், எந்த வாத்தியத்தில் என்று பாக் எழுதி வைக்கவில்லை, வாசிப்பவரே காலப்பிரமாணத்தைத் தீர்மானிக்க வேண்டும். வால்கா 19 வயதில் பார்வையை முற்றாக இழந்தவர், பிறர் ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக வாசித்துக் காட்ட, மனப்பாடம் செய்து மனதுக்குள்ளேயே கோத்துக்கொண்டவர், அதனால்தான் அவர் வாசிப்பில் எந்தக் குரலும் இன்னொன்றின் நிழலில் ஒதுங்குவதில்லை. மூதாட்டியும் அப்படியே கேட்பார், இன்று டெனர் மட்டும், நாளை பேஸ் மட்டும், நாற்காலிக் கையில் ஒரே விரல் அந்தக் குரலோடு நடந்துகொண்டிருக்கும்.

பதிவு நடந்த நெதர்லாந்து ஊரான ஆல்க்மாருக்குப் பிற்பாடு போனேன், லாரன்ஸ் ஆலயத்தின் தரையெல்லாம் கல்லறைப் பலகைகள், ஈரக்கல்லும் பழைய மரமும் கலந்த வாடை, சாவிக்கொத்து சத்தம் போடாதபடி கைக்குட்டையில் சுற்றிப் பிடித்திருந்த வயதான காவலாளி. 1640களில் கட்டப்பட்டு, 1720களில் ஃபிரான்ஸ் காஸ்பர் ஷ்னிட்கர் திருத்தியமைத்த ஆர்கனில் யாரோ பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள், கை எடுத்த பிறகும் சுரம் மரக்கூரையில் தங்கி மெல்லத்தான் கரைந்தது, அங்கே அவசரப்பட்டால் முந்தைய சுரம் ஓய்வதற்குள் அடுத்தது அதன்மேல் விழுந்துவிடும். தட்டில் கேட்ட நிதானத்தில் பாதி அந்தக் கட்டடத்துடையது.

இன்று கைபேசியில் அதே பதிவு கிடைக்கிறது, ஆனால் கடைசி எதிரொலி அடங்குமுன் வேறு யாருடைய வாசிப்போ தொடங்கிவிடுகிறது, விரல் வேகத்தையே திறமையாகக் காட்டும் வாசிப்பு. டி மைனர் என்றாலே துயரம் என்று, உறக்கத்துக்கான பட்டியலில் வேறு சேர்த்துவிடுகிறார்கள். முதல் ஃபியூக் முடிவது டி மேஜரில், அதில் அழுகையும் இல்லை தாலாட்டும் இல்லை, விழிப்பு மட்டுமே இருக்கிறது. பின்னணியாக ஓடவிட்டு வேறு வேலை பார்க்கும் வழக்கத்தை இந்தப் பதிவுக்கு மட்டுமாவது விட்டுவிட்டேன்.

நீங்களும் அந்த முதல் ஃபியூக்கை நான்கு முறை கேளுங்கள், தடவைக்கு ஒரு குரலாக. ஆல்டோ தொடங்கும், பிறகு சொப்ரானோ, பேஸ், கடைசியில் டெனர். முதல் தடவை டெனருக்காகக் காத்திருங்கள்.