திரையின் தெளிவும் தீர்ப்பின் தெளிவும்

காட்சி தெளிவாக இருந்தால் உண்மையும் தெளிவாகிவிடும் என்று நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரியானது என்று சில காலமாக எண்ணிப் பார்த்து வருகிறேன். என்னை அவ்வாறு எண்ணத் தூண்டியது இறையியல் நூல் எதுவுமன்று. கம்பம் பள்ளத்தாக்கின் வீடுகளில் மாலைதோறும் ஓடிக்கொண்டிருக்கும் கிரிக்கெட் ஆட்டமே.

என் வயதை ஒத்தவர்களுக்குப் பழைய நாட்கள் நினைவிருக்கும். கொடைக்கானல் மலைமேல் நின்ற தூர்தர்ஷன் கோபுரத்திலிருந்துதான் நமக்குப் படம் வந்தது. நம் பள்ளத்தாக்கோ மேற்கே தொடர்ச்சி மலையும் கிழக்கே மேகமலைத் தொடருமாக மலைகளால் சூழப்பட்டது. நேராக வந்த அலையும், மலையில் மோதித் திரும்பிச் சற்றே தாமதித்து வந்த அலையும் ஒரே ஆண்டெனாவில் சேரும். ஆகவே ஓடிவரும் பந்துவீச்சாளருக்குப் பக்கத்தில் அவருடைய ஆவிபோல் மங்கலான உருவம் ஒன்றும் ஓடிவரும். கூரைமேல் ஒருவர் ஆண்டெனாவைத் திருப்ப, வாசலில் நிற்பவர், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஆங், விட்டுரு!" என்று கத்துவார். பந்து கண்ணில் படுவது அரிது. ஆட்டக்காரர்கள் ஓடும் திசையைக் கொண்டே அது போன இடத்தை ஊகித்துக்கொள்வோம்.

இன்று அந்தத் தொல்லை இல்லை. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் நமக்குத் தலைக்கு மேலே வெகு உயரத்தில் இருப்பதால், மலைகள் குறுக்கே நிற்பதில்லை. பெருமழை பெய்யும்போது மட்டும் படம் உறைந்து நிற்கும். எண்முறை ஒளிபரப்பின் இயல்பு அது: மங்கலாக வருவதில்லை, வந்தால் முழுமையாக வரும், இல்லையேல் நின்றுவிடும்.

உயர் தெளிவு என்பதன் பொருளைக் கணக்காகச் சொல்லலாம். பழைய தரத்தில் நம் நாட்டுப் படம் குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளிகளால் ஆனது. உயர் தெளிவுப் படமோ குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் கொண்டது. முன்னது நான்கு லட்சத்துக்குச் சற்று மேல். பின்னது இருபது லட்சத்துக்கும் மேல். ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் டோக்கியோ ஒலிம்பிக் நடைபெற்ற 1964ஆம் ஆண்டிலேயே இதற்கான ஆய்வைத் தொடங்கிவிட்டது. தூர்தர்ஷன் 2010ஆம் ஆண்டு தில்லியில் நடந்த காமன்வெல்த் போட்டிகளை உயர் தெளிவில் ஒளிபரப்பியது. 1982இல் ஆசிய விளையாட்டுகள் நமக்கு வண்ணத்தைக் கொண்டுவந்தன என்றால், இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் அதே தில்லியின் விளையாட்டு அரங்கங்கள் தெளிவைக் கொண்டுவந்தன.

ஆயினும் புதிய பெட்டி வாங்கிய எல்லார்க்கும் இந்தத் தெளிவு கிடைத்துவிடவில்லை. வீடு மந்திரிக்கச் சென்ற ஓர் இல்லத்தில், சுவரை அடைத்து நின்ற பெரிய பெட்டியைக் காட்டி வீட்டுக்காரர் குறைப்பட்டுக்கொண்டார்: "கவர்மெண்டு குடுத்த சின்ன டிவியிலயே நல்லாத் தெரிஞ்சது சாமி. இதுல மூஞ்சியெல்லாம் கலங்கலா இருக்கு." 2006இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வழங்கப்பட்ட 14 அங்குலப் பெட்டியைத்தான் அவர் சொன்னார். அவர் சொன்னது உண்மையே. பெட்டி உயர் தெளிவுடையது. ஆனால் அவர் கட்டணம் செலுத்திப் பெறும் சேனல் பழைய தரத்தது. நான்கு லட்சம் புள்ளிகளைப் பெரிய சுவரில் இழுத்து விரித்தால் குறை பெரிதாகத்தானே தெரியும்? அது மட்டுமன்று, ஒரே அலைவரிசையில் பல சேனல்களை அடைப்பதற்காகப் படத்தைச் சுருக்கி அனுப்புகிறார்கள். செய்தி வாசிப்பவரின் முகம் அசையாதது. அது சுருக்கத்தைத் தாங்கும். ஆட்டக்களமோ நொடிக்கு நொடி மாறுவது. கேமரா பந்தைத் துரத்தித் திரும்பும்போது புல்வெளி முழுவதும் பச்சைக் கூழாகிவிடுகிறது. படத்தின் தரத்தைச் சோதிக்க விளையாட்டைவிடக் கடுமையான தேர்வு இல்லை.

இன்னொரு விந்தையும் உண்டு. "எங்க வீட்டுல பந்து போடுறதுக்கு முன்னாடியே எதிர்த்த வீட்டுல 'அவுட்'டுன்னு கத்திடுறாங்க சாமி" என்று ஒரு சிறுவன் என்னிடம் கேட்டான். படத்தைச் சுருக்கவும் விரிக்கவும் சில நொடிகள் ஆகின்றன. கைப்பேசியிலோ, தடையின்றி ஓடவேண்டும் என்று முன்கூட்டியே சேமித்துக் காட்டுவதால் தாமதம் இன்னும் கூடுகிறது. 'நேரடி ஒளிபரப்பு' என்று நாம் அழைப்பது உண்மையில் நடந்து முடிந்ததையே. தெளிவுக்காகச் சில நொடிகளை விலையாகக் கொடுத்திருக்கிறோம்.

இவையெல்லாம் சிறு செய்திகள். என்னை ஆழமாகச் சிந்திக்க வைத்தது வேறொன்று.

பொங்கல் விடுமுறையில் எங்கள் பகுதிச் சிற்றூர் ஒன்றின் பொட்டலில் இளைஞர்களின் டென்னிஸ் பந்துப் போட்டி நடந்தது. திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் இளைஞன் நடுவராக நின்றான். கடைசி ஓவரில் அவன் ஒருவனை ரன் அவுட் என்று அறிவித்தான். தோற்ற அணியைச் சேர்ந்த ஒருவன் கைப்பேசியில் எடுத்த காட்சியை மெதுவாக ஓட்டி, 'நடுவர் விலைபோனார்' என்ற சொற்களோடு வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பிவிட்டான். இரவுக்குள் அது ஊர்கள் கடந்து போயிற்று. "நான் பாத்ததத்தான் சொன்னேன் சாமி. காசு வாங்கிட்டேன்னு எங்கம்மாகிட்டயே கேக்குறாங்க" என்று அவன் என்முன் வந்து நின்றபோது அவன் குரல் உடைந்திருந்தது.

மறுநாள் இரு தரப்பையும் அழைத்து, அந்தக் காட்சியைப் படம் படமாக நிறுத்திப் பார்த்தோம். ஒரு படத்தில் மட்டை கோட்டுக்கு வெளியே இருக்கிறது. குச்சி நேராக நிற்கிறது. அடுத்த படத்தில் மட்டை கோட்டுக்குள் இருக்கிறது, குச்சி சாய்ந்துவிட்டது. "இதுல எது முந்தி நடந்துச்சு, தம்பி?" என்று கேட்டேன். அனுப்பியவன் பலமுறை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தான். "தெரியல சாமி" என்றான்.

அதுதான் உண்மை. அந்தக் கைப்பேசி நொடிக்கு 30 படங்கள் எடுக்கிறது. நொடிக்கு ஆறு மீட்டர் ஓடுகிறவன் இரு படங்களுக்கு இடையே 20 சென்டிமீட்டர் கடந்துவிடுகிறான். உயர் தெளிவு ஒளிபரப்பிலும் இதே இடைவெளி உண்டு. நொடிக்கு 50 முறை காட்சி புதுப்பிக்கப்பட்டாலும், 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஒவ்வொரு முறைக்கும் முக்கால் மீட்டர் தாண்டுகிறது. புள்ளிகளைப் பெருக்குவதால் இந்த இடைவெளி நிரம்புவதில்லை. அதனால்தான் பெரிய போட்டிகளில் நொடிக்கு நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கும் தனிக் கேமராக்களைப் பயன்படுத்துகிறார்கள். அங்கும் கருவி தன் எல்லையை அறிந்திருக்கிறது. 2008ஆம் ஆண்டு இந்தியா, இலங்கை டெஸ்ட் தொடரில் சோதனை செய்யப்பட்டுப் பின்னர் நிலைபெற்ற மறுபரிசீலனை முறையில், எல்.பி.டபிள்யூ. முறையீட்டின்போது பந்தின் பாதிக்கும் குறைவான பகுதியே குச்சியில் படும் என்று கணினி கணித்தால், களத்தில் நின்ற நடுவரின் முடிவே நிலைக்கும். கோடிக்கணக்கில் செலவிட்டு நிறுவிய பொறி 'எனக்கு உறுதியில்லை' என்று சொல்லத் தெரிந்திருக்கும்போது, கையளவு கைப்பேசியை வைத்துக்கொண்டு ஒருவனின் நேர்மையைப் பறித்துவிட நமக்கு என்ன உரிமை?

காட்சியை அனுப்பியவன் மன்னிப்புக் கேட்டு அதை அழித்தான். ஆனால் அது போய்ச் சேர்ந்த கைப்பேசிகளிலிருந்து யார் அழிப்பது? அந்த இளைஞன் அந்த ஆண்டு மீண்டும் நடுவராக நிற்கவில்லை.

தெளிவான படத்தை நான் பழிக்கவில்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அசிசியின் புனித கிளாராவை அறிவித்தார். நோயுற்றுப் படுத்திருந்த அவர், கோவிலுக்குச் செல்ல இயலாத கிறிஸ்து பிறப்பு இரவில், அங்கு நடந்த வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டதாக மரபு கூறுகிறது. செல்ல முடியாதவருக்குக் காட்சி வந்து சேர்ந்தது என்பதே அதன் சிறப்பு. பெரியகுளத்தில் கோடைதோறும் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை ஆண்டு தவறாமல் போய்ப் பார்த்து வந்த பெரியவர் ஒருவர், பக்கவாதத்தால் இன்று படுக்கையில் இருக்கிறார். நற்கருணை கொண்டு செல்லும் நாட்களில் அவர் வீட்டுத் திரையில் ஏதேனும் ஓர் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். "பந்து சுத்துறதுகூடத் தெரியுது சாமி" என்று குழறிய நாவால் அவர் சொல்லும் மகிழ்ச்சி பொய்யன்று.

காண்பதற்காகத் தரப்பட்ட தெளிவைத் தண்டிப்பதற்காகப் பயன்படுத்தாதிருப்போம். எங்கள் ஊர் இளைஞர்கள் இப்போது போட்டி விதிகளில் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள்: கைப்பேசியில் யாரும் படம் எடுக்கலாம், நடுவரின் முடிவே இறுதியானது, அவரைப் பற்றிய காட்சியை யாரும் பரப்பக் கூடாது. விதி எழுதிய தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டியவன், அன்று அந்தக் காட்சியை அனுப்பியவனே.