மொய் நோட்டும் வாசலில் நின்றவரும்



சென்ற மாதம் நம் சபையின் விதவைத் தாயார் ஒருவரது புது வீட்டுக்குப் பிரதிஷ்டை ஜெபம். (அவர் இசைவோடுதான் இதை எழுதுகிறேன்.) புறப்படுமுன் எங்கள் மொய் நோட்டைப் புரட்டினேன். என் மகள் திருமணத்தில் அவர் எழுதியது 501 ரூபாய். நான் 1,001 எழுதுவதெனத் தீர்மானித்தேன்; உள்ளத்தில் சற்றுப் பெருமிதமும் எழுந்தது.

அவ்வேளையில் வாசலில் ஒருவர் நின்றார். கொட்டாம்பட்டியில் நெடுஞ்சாலையோரம் குடியிருப்போருக்கு இது புதிதல்ல. மதுரையில் வேலை கிடைக்கவில்லை, திருச்சிக்குத் திரும்பப் பேருந்துக் கட்டணம் வேண்டும் என்றார். எந்த ஊர், இங்கே யாரைத் தெரியும், அடையாள அட்டை உண்டா என்றெல்லாம் துருவிவிட்டு 20 ரூபாய் கொடுத்தேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

பந்தியில் அமர்ந்தபோதுதான் உறைத்தது.

ஹார்வர்டு மாணவர்களிடையே ஸ்டீபன் லைடரும் மூவரும் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. முன்பின் அறியாதவருக்குக் கொடுப்பதைவிட நண்பருக்கு 52 விழுக்காடு மிகுதியாகக் கொடுத்தார்கள். கொடுத்தவர் இன்னாரென்று நண்பருக்குத் தெரியவரும் என்றால், கொடுப்பவர் இழப்பதைவிடப் பெறுபவர் அடைவது அதிகமாயிருக்கும் இடங்களில், இன்னும் 24 விழுக்காடு கூடிற்று. முன்னது பாசம், பின்னது நாளைய கணக்கு. என் 1,001இல் எது எவ்வளவு?

மொய்யை நான் இகழவில்லை. வங்கிப் படி ஏற முடியாதவனுக்கு ஊரே முதல் திரட்டிக் கொடுக்கும் ஏற்பாடு அது. பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் அதற்கென்றே விருந்து வைக்கிறார்கள். ஆனால் அதன் விதி நமக்குத் தெரியும்: வாங்கியதைத் திருப்பி, மேலும் சிறிது வைக்க வேண்டும். அப்படியானால் என் 501 கடனடைப்பு. மிகுதி 500 ஈகையன்று. நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு தாயின்மேல் நான் ஏற்றிய கடன்.

நண்பரையும் செல்வரையும் விருந்துக்கு அழைத்தால் பதில் அழைப்பு வந்துவிடும் என்று லூக்கா 14ஆம் அதிகாரத்தில் கர்த்தர் எச்சரிக்கிறார். மொய்க் கணக்கு அவருக்கும் தெரிந்திருக்கிறது! அப்பகுதியை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன்.

மறுநாள் அத்தாயாரிடம் போய், "அந்த ஐந்நூறைத் திருப்ப வேண்டாம் அம்மா" என்றேன். "நோட்டுல ஏறிப்போச்சுங்களே ஐயா" என்று சிரித்தார்.

வாசலில் நின்றவரை எங்கே போய்த் தேடுவேன்? அத்தனை கேள்வி கேட்ட நான் அவர் பெயரைக் கேட்கவில்லை.