தோடியின் காந்தாரமும் ஒலிப்பதிவுக் கூடமும்

கர்நாடக இசையில் புதிய பதிவு ஒன்று வெளிவரும்போது கேட்பவரின் காதில் விழுவது பாடகரின் குரல் மட்டுமன்று. மைக்கை எங்கே வைப்பது, எந்த வாத்தியத்தை எவ்வளவு உயர்த்துவது, எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்று முடிவு செய்த ஒலிப்பதிவாளரின் வேலையும் அதனுடன் சேர்ந்தே விழுகிறது. விமர்சனங்களோ பாடகரைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதிவிட்டு, ஒலிப்பதிவு துல்லியம் என்ற ஒரு வரியோடு மற்றவரை விட்டுவிடுகின்றன. ஒரு பதிவு எவ்வாறு உருவாயிற்று என்பதைக் காதாலேயே கண்டறிய முயலாதவர் அதிலுள்ள சங்கீதத்தை எடைபோட முடியாது. இந்த இசையின் பதிவு வரலாறு முழுவதும் இதற்குச் சான்றாக நிற்கிறது.

1902ஆம் ஆண்டு ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து பாடகி கௌஹர் ஜான் முதலியோரைப் பதிவு செய்த நாள் தொட்டு, இந்தியச் சங்கீதம் தட்டின் அளவுக்குத் தன்னை வெட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட இசைதான் அடங்கும். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற மூன்று உறுப்புகளையும் அதற்குள் பாடி முடிக்க வேண்டிய வித்துவான், பாட்டு நடக்கும் வேகமாகிய காலப்பிரமாணத்தைக் கூட்டியும், ஒரே வரியைப் படிப்படியாக வளர்த்துப் பாடும் சங்கதிகளைக் குறைத்தும் கொண்டார். அந்தத் தட்டுகளை மட்டுமே கேட்டு, முன்னோர் எல்லோரும் துரித காலத்தில் பாடினார்கள் என்று முடிவு கட்டுவது அவர்களுக்கும் இன்று பாடுபவர்களுக்கும் சேர்த்து இழைக்கும் அநீதியாகும். நாகஸ்வர வித்துவான் டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டைக் கேட்கும்போது ராகம் அந்தச் சில நிமிடங்களுக்குள் நெரிபடாமல் பரந்து நிற்பது வியப்பளிக்கிறது என்றால், அது அவருடைய மேதைமைக்குச் சான்றே தவிர, அந்த அளவு ராகத்துக்குப் போதும் என்பதற்குச் சான்றன்று. 1948இல் எல்.பி. தட்டு வந்தபின் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. பின்னர் கேசட்டும் குறுந்தகடும் ஒரு மணி நேரத்தையும் அதற்கு மேலும் தந்தன.

பழைய பதிவுகளை உரைகல்லாகக் கொள்வோர் இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். 78 என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும் தொடக்க காலத் தட்டுகள் எல்லாம் ஒரே வேகத்தில் வெட்டப்பட்டவை அல்ல. அவற்றைப் பிற்காலத்தில் மின்வடிவுக்கு மாற்றியவர்கள் எல்லோரும் சரியான வேகத்தைத் தேடிப் பிடித்தவர்களும் அல்லர். சுழற்சி ஏறத்தாழ ஆறு விழுக்காடு கூடினால் 4 கட்டைச் சுருதியில் பாடியவர் 4½ கட்டையில் பாடியதாகக் கேட்கும். பிருகாக்கள், அதாவது வேகமாக உதிரும் ஸ்வரக் கோவைகள், இருந்ததைவிடக் கூர்மையாகவும் துடிப்பாகவும் ஒலிக்கும். அந்தக் காலத்துச் சாரீரம் இன்று யாருக்கு இருக்கிறது என்று பெருமூச்சு விடுகிறவர் சில வேளைகளில் ஒரு மோட்டாரின் அவசரத்தைப் பாராட்டிக்கொண்டிருக்கிறார்.

இனி, புதிய பதிவுக்குள் கேட்டறிய வேண்டியவை. இவற்றுள் முதன்மையானது ஸ்வரம் நிற்கும் விதம். தோடி ராகத்தின் காந்தாரம் ஏட்டில் சாதாரண காந்தாரம் என்று குறிக்கப்படுகிறது; ஆனால் பாடும்போது அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை. கீழே சுத்த ரிஷபத்தின் பக்கத்திலிருந்து எழுந்து, மேலே மத்யமத்தைத் தொட்டுத் திரும்பி, அந்த ஆட்டத்தினாலேயே தன்னை உணர்த்துகிறது. ஸ்வரத்துக்கு உயிர் தரும் இவ்வகை அசைவுக்குத்தான் கமகம் என்று பெயர். 1997இல் ஆட்டோ-டியூன் வந்தது முதல் பெருகியுள்ள சுருதி திருத்தும் மென்பொருள்களோ, ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு நிலையான இடங்களாகக் கொண்டு, இடையில் அலையும் குரலை அருகிலுள்ள இடத்துக்கு இழுத்து நிறுத்தும் நோக்கத்தோடு செய்யப்பட்டவை. அவற்றைக் கவனமின்றிக் கையாண்டால் தோடியின் காந்தாரம் அவற்றின் கண்ணுக்குப் பிழையாகத் தெரியும். ஆட்டத்தின் வீச்சு குறுகும், அல்லது மேலும் கீழும் படிக்கட்டு ஏறி இறங்குவதுபோல் உடையும். பேகடையின் மத்யமமும் நிஷாதமும், வராளியின் மத்யமமும், சஹானாவின் காந்தாரமும் இதே ஆபத்துக்கு உட்பட்டவை. அசையாத ஸ்வரங்களிலும் தடயம் கிடைக்கும்: பஞ்சமத்தில் நீளமான கார்வை கொடுத்து நிற்கும் குரல் இயல்பாக ஒரு நூலிழை தள்ளி வந்து சேர்ந்து, மூச்சுக்கு ஏற்ப மிக நுட்பமாக நெகிழ்ந்து நிலைபெறும். வந்து விழுந்த கணத்திலிருந்து முடியும் வரை கோடு போட்டாற்போல் நிற்கும் பஞ்சமத்தைக் கேட்கும்போது, அது சுருதி சுத்தமா, திருத்தமா என்ற கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

அடுத்தது, பாடியவரும் வாசித்தவர்களும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் இருந்தார்களா என்பது. இன்று பல பதிவுகளில் பாடகர் ஒரு நாளும், வயலின்காரர் இன்னொரு நாளும், மிருதங்க வித்துவான் பிறிதொரு நாளும் தனித்தனியாக வந்து, காதில் ஒலிக்கும் தாளத் தட்டுக்கு இசைந்து பதிந்துவிட்டுப் போகிறார்கள். இதைக் கோர்வையில் கண்டுகொள்ளலாம். கோர்வை என்பது கற்பனை ஸ்வரத்தின் முடிவில், கணக்கோடு அமைத்து, பெரும்பாலும் மூன்று முறை வரும் அடுக்கு கொண்டு, பாட்டு தொடங்கும் இடமாகிய எடுப்பில் சென்று சேரும் ஸ்வரக் கட்டு. கச்சேரியில் பாடகர் புதிய கோர்வை ஒன்றை எடுக்கும்போது மிருதங்கக்காரர் முதல் அடுக்கில் சற்று அடக்கி வாசித்துக் கணக்கைப் பிடிக்கிறார். இரண்டாவதில் அதன் சொற்கட்டுக்குள் நுழைகிறார். மூன்றாவதில் இருவரும் ஒரே மூச்சாக எடுப்பில் இறங்குகிறார்கள். வயலின்காரர் ஆலாபனையில் பாடகரின் சொற்றொடரை ஒரு நொடி பின்னால் நிழலாகத் தொடர்வதும், சில இடங்களில் ஊகம் தவறி மெல்லத் திருத்திக்கொள்வதும் இதே வகைப்பட்டவை. தனித்தனியாகப் பதிந்த இசையில் மூன்று அடுக்கும் ஒரே அச்சாகப் பொருந்தி நிற்கும். அங்கே பொருத்தம் இருக்கிறது, ஒருவர் மற்றவரைக் கண்டுகொண்ட இன்பம் இல்லை.

வெட்டி ஒட்டுவது பற்றிய வழக்கு மேலை நாட்டுச் செவ்வியல் இசையில் வேறு விதமாகத் தீர்க்கப்படலாம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1964இல் மேடைக் கச்சேரியையே துறந்த பியானோ மேதை க்ளென் கூல்ட், பல முறை வாசித்தவற்றிலிருந்து சிறந்த துண்டுகளைத் தேர்ந்து ஒட்டுவது கலையின் ஒரு பகுதியே என்று வாதாடினார். ஏற்கெனவே தாளில் முழுமையாக எழுதி வைக்கப்பட்ட இசைக்கு அவருடைய வாதம் வலுவானது, ஏனெனில் அங்கே ஒட்டுவேலை இயற்றியவரின் எண்ணத்தை நெருங்குவதற்கான கருவி ஆகிறது. மனோதர்மம் எனப்படும் அக்கணக் கற்பனையை உயிராகக் கொண்ட இசையில் ஒட்டும் இடத்தில் அறுபடுவது பாடகரின் யோசனை. கீர்த்தனையில் ஒரு வரியை மீண்டும் பாடி ஒட்டுவதைப் பொறுக்கலாம். ஆலாபனையில் அதைப் பொறுப்பது கடினம்.

தம்பூராவையும் மிருதங்கத்தையும் தனியே கவனிப்பது பயன் தரும். தந்திக்கும் குதிரைக்கும் இடையே நூல் வைத்துச் சேர்த்த நல்ல தம்பூராவில் எழும் மேலொலிகள் பாடகரின் காந்தாரத்துக்குக்கூட இடம் காட்டுபவை. தம்பூராவுக்குப் பதிலாக வைக்கும் மின்சுருதிப் பெட்டியின் ஒலியையும் மிகத் தாழ்த்தி, குரலை வெறுவெளியில் நிறுத்தி, அதன்மேல் செயற்கை எதிரொலியைப் பூசும் பதிவுகளில் கேட்பவர் சுருதியை அளக்கும் ஆதாரத்தையே இழக்கிறார். மிருதங்கத்தின் இடப்பக்கமாகிய தொப்பியில் ரவையைப் பிசைந்து பூசுவது அதன் நாதத்தைக் கனிவாக்குவதற்கு. மைக்கை அதன் வாயருகே கொண்டுபோய் வைத்தால் தொப்பியில் எழும் குழைந்த ஒலியாகிய கும்கியின் குழைவு போய் வெறும் அதிர்வு மிஞ்சும். ஒலிபெருக்கி இல்லாமலே கச்சேரி நடக்க வேண்டும் என்று மிருதங்க வித்துவான் பாலக்காடு மணி ஐயர் ஒரு காலத்தில் வற்புறுத்தியதன் பொருள், இத்தகைய பதிவுகளைக் கேட்கும்போது நன்றாகப் புலப்படுகிறது.

கேட்கும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். ஒரே இசையைச் சற்றே உரக்க வைத்தால் அது மேலானதாகத் தோன்றும் என்பது ஒலியியல் அறிந்தவர்கள் நன்கு உணர்ந்த உண்மை. ஆகவே பழையதையும் புதியதையும் ஒப்பிடுபவர் இரண்டின் ஒலியளவையும் சமப்படுத்திக்கொள்ளாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பாடாந்தரம் பற்றிய எச்சரிக்கை இதனினும் முக்கியமானது. பாடாந்தரம் என்பது ஒரு குருபரம்பரை வழியாக வந்த பாட வடிவம். ஒரே கீர்த்தனை வெவ்வேறு பரம்பரைகளில் வெவ்வேறு சங்கதிகளோடு, சில வேளைகளில் ராகத்தின் சாயலே மாறி வழங்குவதுண்டு. சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி என்ற நூலின் ஸ்வரக் குறிப்பைப் பின்பற்றி இன்று சிலர் முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளைப் பதிவு செய்கிறார்கள். கச்சேரிகளில் காதுக்குப் பழகிய வடிவத்தை மட்டும் அறிந்தவர் அவற்றைப் பிழை என்று தள்ளினால், அவர் எழுதியது தம் பழக்கத்தின் வாக்குமூலமாக நிற்குமே அன்றி விமர்சனம் ஆகாது. பழக்கத்தால் வரும் தீர்ப்பு மாறக்கூடியதும்கூட: மிக மெதுவான காலப்பிரமாணத்தில் ஆழ்ந்த குரலில் பாடிய எம். டி. ராமநாதன் வாழ்ந்த காலத்தில் எல்லோருடைய பாராட்டையும் பெற்றவர் அல்லர். இன்று விளம்ப காலத்துக்கு அவர் பெயரையே அளவுகோலாகச் சொல்கிறார்கள்.

மேடையில் பதிந்து வெளியிடப்படும் புதிய பதிவுகளில், தார ஸ்தாயிப் பஞ்சமத்தை எட்டும்போது குரல் ஒருமுறை பிசகி, பாடகர் அதை விட்டுவிடாமல் வேறொரு வழியாகச் சுற்றி வந்து இரண்டாம் முறை அதே பஞ்சமத்தில் நிலைகொள்வதைக் கேட்க நேரலாம். அந்தப் பிசகை வெட்டியெறிய வெளியீட்டாளருக்கு எல்லா வசதியும் இருந்தது. வெட்டியிருந்தால் சுற்றிவந்த அந்தப் புதிய வழிக்குக் காரணமே இல்லாமல் போயிருக்கும். அத்தகைய இடத்தைக் குறையாகக் கணக்கில் எழுதும் விமர்சகர் ராகத்தில் நிகழ்ந்ததைக் கேட்கத் தவறுகிறார். அதை அப்படியே விட்டுவைத்த ஒலிப்பதிவாளரின் பெயர் பாடகரின் பெயருக்கு அடுத்தபடியாக விமர்சனத்தில் எழுதப்பட வேண்டும்.