இரண்டு மணி நேரப் பயணம்

மும்பையிலிருந்து சென்னைக்கு ஆகாய மார்க்கமாக எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று சங்க அன்பர்கள் சிலர் நம்மைக் கேட்பதுண்டு. ரயில்வே குமாஸ்தாவிடம் விமானக் கணக்கா என்று முன்பெல்லாம் நகைத்துவிடுவோம். சென்ற ஆண்டு முதல் அவ்வாறு நகைப்பதில்லை.

வான்வழித் தூரம் சுமார் 1,030 கிலோமீட்டர். இருப்புப்பாதையில் ஏறக்குறைய 1,280. விமானம் நேராகச் செல்லும். ரயிலோ மலைக்கும் ஆற்றுக்கும் இணங்கி வளைந்து செல்லும். கர்ஜத்துக்கும் லோனாவாலாவுக்கும் இடையே போர் கணவாயில் 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். அங்கே வண்டியின் பின்னும் எஞ்சின் பூட்டித் தள்ளுவதை நம்மவர் பலரும் கண்டிருப்பர். அம்மலைப்பாதை 1863-ல் திறக்கப்பட்டது. 1871-ல் ராய்ச்சூரில் இருபுறத்துப் பாதைகளும் கூடிய பின்னரே இவ்விரு நகரங்களும் ரயிலால் இணைந்தன.

ஆகாய வழியும் நேற்று வந்ததன்று. 1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபாலுடன் பம்பாயில் வந்திறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றார். இன்று ஜெட் விமானம் அத்தூரத்தை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கடக்கிறது.

நிற்க. அந்த இரண்டு மணி நேரம் எத்தகையது என்பதை அனுபவத்தில் அறிந்தோம். சென்ற ஆண்டு ஆடி மாதம், விடியுமுன் தமக்கையார் தொலைபேசியில் அழைத்தார். தந்தையாருக்கு உடல் நலமில்லை, உடனே புறப்படு என்றார். நம் ஊர் அரக்கோணத்துக்கு அருகில். கையில் இலவச ரயில் பாஸ் இருந்தது. ஆனால் நமக்குத் தோதான வண்டி இரவில்தான். மனைவி பீரோவிலிருந்த சீட்டுப் பணத்தை எடுத்து, ஒன்றும் பேசாமல் நம் கையில் வைத்தாள்.

கல்யாண் குடியிருப்பிலிருந்து காலை 7 மணிக்குக் கிளம்பினோம். விமான நிலையம் சேர 2 மணி நேரம். சோதனையிலும் காத்திருப்பிலும் 2 மணி நேரம். வானத்தில் 2 மணி நேரம். பின்னர் மெட்ரோவில் சென்ட்ரலுக்கு வந்து, மின்வண்டியில் அரக்கோணம் சென்று வீட்டை அடைய 4 மணி நேரம். ஆக 10 மணி நேரம். மும்பை வண்டியில் வந்திருந்தால் அரக்கோணத்திலேயே இறங்கியிருப்போம். விமானமோ நம்மைச் சென்னைக்குக் கொண்டுபோய்ப் பின் திரும்பி வரச் செய்தது.

தந்தையார் முப்பது ஆண்டுகள் காங்மேனாக இருந்தவர். நம்மைக் கண்டதும், "எந்த வண்டியில் வந்தாயப்பா?" என்றார். விமானத்தில் என்றோம். "பாஸ் இருக்கையில் ஏன் வீண் செலவு?" என்று கடிந்துகொண்டு, நம் கையை விடாது பற்றிக்கொண்டார். இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். விடியற்காலையில் உயிர் பிரிந்தது. இரவு வண்டியில் புறப்பட்டிருந்தால் அந்நேரம் சோலாப்பூரைக்கூடத் தாண்டியிருக்கமாட்டோம்.

ஆகவே கேட்கும் அன்பர்களுக்கு நாம் கூறுவது இது. விமான நேரத்தை மட்டும் எண்ணாதீர்கள். நம் வாயிற்படியிலிருந்து ஊர் வாயிற்படி வரை கூட்டிப் பாருங்கள். விடுமுறைக்கும் திருவிழாவுக்கும் குடும்பத்துடன் செல்ல ரயிலே போதும். கட்டுச்சோறும் பேச்சுத்துணையும் அதில்தான் உண்டு. ஆயினும் முதிய பெற்றோரை ஊரில் விட்டு வந்துள்ளோர், ஒருவர் விமானச் சீட்டுக்கான தொகையைத் தனியே எடுத்து வைத்திருங்கள். அதை வீண் செலவென்று நம் தந்தையார் சொன்னார். அந்த ஒன்றில் மட்டும் அவர் கணக்கு தவறு.