சூரியனிலும் ஒரு சுனாமி



சுனாமி என்றதும் நம் செங்கற்பட்டு மாவட்டத்தாருக்குக் கடல்தான் நினைவுக்கு வரும். சூரியனிலும் சுனாமி உண்டு என்று விஞ்ஞான வகுப்பில் சகோதரி கூறியபோது நான் வியந்தேன். தண்ணீரே இல்லாத இடத்தில் அலை ஏது?

சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி வெப்பமுடையது. அதற்கு மேலே கொரோனா என்னும் மெல்லிய ஒளிவட்டம் இருக்கிறது. அங்கேயோ வெப்பம் பத்து லட்சம் டிகிரிக்கும் மேல்! அடுப்பை விட்டு விலக விலகச் சூடு கூடுவதைப் போன்ற விந்தை இது. அங்குள்ள காந்தப் புலக் கோடுகள் முறுக்கிய கயிறு போல் இறுகி, ஒரு கணத்தில் அறுந்து, வேறு விதமாக இணைகின்றன. அப்போது பேரொளி தெறிக்கிறது. சில வேளைகளில் நூறு கோடி டன் அளவுள்ள வாயு மேகமும் வெளியே வீசப்படுகிறது. அந்த அதிர்ச்சியில் கொரோனாவில் வட்டமாக ஓர் அலை பரவுகிறது.

1997-இல் சோஹோ விண்கலம் இதைப் படம் பிடித்தது. உண்மையான அலையா, மேகத்தின் நிழலா என்று விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் ஐயுற்றனர். 2009 பிப்ரவரியில் இரட்டை ஸ்டீரியோ விண்கலங்கள் இரு பக்கங்களிலிருந்து பார்த்து, அலையே என்று உறுதி செய்தன. உயரம் சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டர். வேகம் விநாடிக்கு 250 கிலோமீட்டர். செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். நாம் பேருந்தில் ஆடி அசைந்து செல்வதற்குள் அது எங்கோ போயிருக்கும்!

அந்த அலை நம்மிடம் வராது. வருவது அந்த மேகம். 1989 மார்ச் 13 அன்று அப்படி வந்த மேகத்தால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அறுபது லட்சம் பேர் மின்சாரமின்றித் தவித்தனர். ஜி.பி.எஸ். கருவியும் அப்போது தடுமாறும். என் மாமா இரவில் கடலுக்குப் போகும்போது அதை நம்பித்தான் கரை திரும்புகிறார்.

ஒளி நம்மை அடைய எட்டு நிமிடம். மேகத்துக்கு ஒன்று முதல் மூன்று நாட்கள். இந்த இடைவெளிதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 2004 டிசம்பர் 26 காலை 6.29-க்குச் சுமத்ரா அருகே பூமி அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் யாரும் சேதி சொல்லவில்லை. "கடல் உள்ளே போச்சு, பாறையெல்லாம் தெரிஞ்சுது. நாங்க வேடிக்கை பார்த்தோம் கண்ணு" என்பார் தேவனேரிப் பாட்டி. அவருடைய தம்பி திரும்பவே இல்லை. 2007-இல்தான் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் ஏற்பட்டது.

சூரியனுக்கும் இப்போது நமக்கொரு காவல்காரர் உண்டு. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா எல்-1, பூமிக்கு 15 லட்சம் கிலோமீட்டர் அப்பால் நின்று சூரியனை நோக்குகிறது. அதன் திட்ட இயக்குநராகப் பணியாற்றிய நிகர் ஷாஜி அம்மையார் செங்கோட்டையில் பள்ளிப் படிப்பை முடித்தவர். பெண்கள் பள்ளியில் இதைச் சொல்லாமல் விடலாமா!

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். வலையைப் பிரித்துக்கொண்டே, "அந்தச் சேதி என் படகு வரைக்கும் வருமா?" என்று கேட்டார்.