கண்ணிக் கணக்கு

கோட்டக்குப்பத்தில் யாருக்கும் ஸ்வெட்டர் தேவைப்படாது. மார்கழி விடியலில் கடற்காற்று அடித்தாலும் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் போதும். ஆனால் புதுச்சேரி முத்தியால்பேட்டையைத் தாண்டியதும் வரும் அந்த ஊரில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள், ஒரு வைகாசி மதியத்தில் நான்கு பெண்கள் கம்பளி நூலை மடியில் போட்டுக்கொண்டு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்கள். குளிர்காலத்தில் விற்கும் சரக்கைக் கோடையில்தான் பின்னியாக வேண்டும்.

மூத்தவரை எல்லோரும் பெரியம்மா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். "ஃபேனுக்குக் கீழ உக்காரும்மா. நூல் மேல மட்டும் கால் படாம பாத்துக்க" என்றார். பக்கத்தில் ஒரு பவுடர் டப்பா இருந்தது. அது முகத்துக்கு இல்லை. உள்ளங்கை வியர்த்தால் நூல் ஊசியில் நகராது; வெளிர் நிறமாக இருந்தால் அழுக்கும் ஏறும். அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கையைத் துடைத்துப் பவுடர் போட்டுக்கொள்கிறார்கள்.

அவர்கள் பின்னிக்கொண்டிருந்தது பெண்களுக்கான கேபிள் டிசைன். முன்பக்கம் முழுக்கக் கயிறு முறுக்கியதுபோலப் புடைத்து ஓடும் வரிகள். எட்டாம் நம்பர் ஊசி, அதாவது 4 மில்லிமீட்டர். இடுப்புப் பட்டைக்கு மட்டும் பத்தாம் நம்பர், 3.25 மில்லிமீட்டர். நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். அது பழைய பிரிட்டிஷ் அளவு. நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் 'போனி' ஊசிகளைச் செய்யும் நீடில் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் 1949இல் தொடங்கியது. அதன் தொழிற்சாலை நீலகிரியில், கேத்தியில் இருக்கிறது. ஊசியாவது குளிரிலிருந்து இறங்கி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கேபிள் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆறு கண்ணி ஒரு கயிறு. முதல் மூன்றை ஒரு சின்ன ஊசியில் ஏற்றித் துணிக்கு முன்னால் தொங்கவிடுகிறார். அடுத்த மூன்றைப் பின்னிவிட்டு, தொங்கும் மூன்றுக்குத் திரும்புகிறார். கயிறு இடப்பக்கம் சாய்கிறது. அதே மூன்றைத் துணிக்குப் பின்னால் நிறுத்தியிருந்தால் வலப்பக்கம் சாயும். நெஞ்சின் இரு பக்கமும் கயிறுகள் ஒன்றையொன்று பார்த்துச் சாய வேண்டுமென்றால் ஒரு பக்கம் முன்னால், மறுபக்கம் பின்னால். கயிற்றின் இரு ஓரமும் 'பர்ல்' என்னும் எதிர்ப்பக்கப் பின்னல் போட்டுப் பள்ளமாக்கினால்தான் நடுவில் இருப்பது எழும்பித் தெரியும். இப்படி எட்டு வரிசைக்கு ஒரு முறுக்கு. வரிசையை எண்ணப் புளியங்கொட்டை. ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு எட்டாவது கொட்டை போனதும் பேச்சு நின்றுவிடும்.

இது கையின் வேலைதான். அதைவிடக் கடினமான வேலை பேப்பரில் இருக்கிறது. பெரியம்மா ஒரு பழைய நோட்டைக் காட்டினார். 36 அங்குல மார்பு. போட்டுக்கொள்ள வசதியாக 2 அங்குலம் சேர்த்து 38. அதில் பாதி முன்பக்கம், ஏறக்குறைய 48 சென்டிமீட்டர். இவர் கைக்குப் பத்து சென்டிமீட்டரில் 20 கண்ணி வருகிறது. அப்படியானால் 96 கண்ணி போட வேண்டும். ஆனால் முறுக்கிய இடம் துணியைச் சுருக்கும். ஆறு கண்ணிக் கயிறு நான்கு கண்ணி அகலத்துக்கு ஒடுங்குகிறது என்று அவர் பின்னிப் பார்த்து வைத்திருக்கிறார். நான்கு கயிறு என்றால் எட்டு கண்ணி கூடுதல், ஆகவே 104. இதைச் சேர்க்க மறந்தால் ஸ்வெட்டர் உடம்பைப் பிடிக்கும். இடுப்பு ஒடுங்குவதற்குக் குறைக்கும் கண்ணிகளை ஓரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். கயிற்றில் கை வைத்தால் முறுக்கு கோணிவிடும். கழுத்துக்கு மூடும் வரிசையில் மட்டும் கயிற்றிலேயே இரண்டைக் குறைப்பார், இல்லாவிட்டால் அந்த இடம் விசிறியாக விரிந்து நிற்கும்.

அன்று இளையவள் ஒருத்தி ஒரு கயிற்றைத் தவறான பக்கம் சாய்த்துவிட்டு, பல வரிசை கழித்துத்தான் கவனித்தாள். அழுகிற முகம். பெரியம்மா முழுத் துணியையும் பிரிக்கவில்லை. அந்த ஆறு கண்ணியை மட்டும் ஊசியிலிருந்து இறக்கி, தவறு நடந்த வரிசைவரை அவிழ்த்தார். இரண்டு பக்கமும் துணி அப்படியே நிற்க, நடுவில் நூல்கள் ஏணிப்படியாகத் தெரிந்தன. ஒவ்வொரு படியாகத் தூக்கி, சரியான பக்கம் சாய்த்து, மறுபடி மேலே கொண்டுவந்தார். "பாத்தியா, ஒண்ணுமே ஆகல" என்று அவளிடம் கொடுத்தார். மதியத்தில் பெரும்பகுதி அதிலேயே போயிற்று.

அந்த மதியத்துக்குக் கூலி கிடையாது. கூலி நூலின் எடைக்கு. துணியை நிறுத்து, இத்தனை கிராமுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார்கள். தொகையைச் சொன்னார்கள், எழுத வேண்டாம் என்றும் சொன்னார்கள். "கேபிளுக்கு நூல் கொஞ்சம்தாங்க்கா கூடும். நேரம் எவ்வளவு கூடும்னு யாரும் கேக்கறதில்ல" என்றாள் இன்னொருத்தி. 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு 168 வரிசை. முன், பின், இரண்டு கை என்று நான் போட்டுப் பார்த்த கணக்கில் ஒரு ஸ்வெட்டர் ஏறக்குறைய 50,000 கண்ணி. தராசுக்கு இது தெரியாது. நோட்டில் இருக்கும் பெருக்கல், கழித்தல், பிரித்துப் பார்த்த மாதிரித் துண்டுகள் எதற்கும் எடை இல்லை.

ஆந்திராவின் நர்சாபூரில் இதேபோல வீட்டிலிருந்து லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் எழுதிய ஆய்வு 1982இல் புத்தகமாக வந்தது. அவர்கள் கையிலிருந்து போன சரக்கு வெளிநாட்டுச் சந்தைக்குப் போயிற்று. ஆனால் பின்னியவர்கள் தொழிலாளிகளாகக் கருதப்படவில்லை, ஓய்வு நேரத்தில் ஏதோ செய்யும் இல்லத்தரசிகள் என்றே கருதப்பட்டார்கள் என்று அவர் காட்டினார். கோட்டக்குப்பத்து வீட்டிலும் இந்த நான்கு பேரில் ஒருத்தியின் அண்ணன் வாசலில் நின்று, "சும்மா பொழுதுபோக்குக்குத்தான்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் போகும்வரை பெரியம்மா பேசவில்லை.

கேபிள் ஸ்வெட்டர் என்றால் உலகம் அயர்லாந்தின் மேற்கே உள்ள அரான் தீவுகளைச் சொல்லும். அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு டிசைன் உண்டு, கடலில் இறந்த மீனவரை அதை வைத்து அடையாளம் காண்பார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அது உண்மை அல்ல. இன்று நாம் காணும் அரான் ஸ்வெட்டரே இருபதாம் நூற்றாண்டில் உருவானது. அந்தக் கதைக்கு வித்தாகச் சொல்லப்படுவது ஜே. எம். சிங் எழுதி 1904இல் மேடையேறிய ஒரு நாடகம். கடலில் இறந்த அண்ணனின் காலுறையை அதில் தங்கை அடையாளம் காண்கிறாள். எப்படி? குடும்ப டிசைனை வைத்து அல்ல, தான் போட்ட கண்ணிகளின் எண்ணிக்கையை வைத்து. இதைச் சொன்னபோது பெரியம்மா ஊசியை நிறுத்திவிட்டு, "ஆமா, கணக்கு மறக்காதும்மா. நான் பின்னுனத எங்க பாத்தாலும் சொல்லிடுவேன்" என்றார்.

கம்ப்யூட்டர் வைத்த பின்னல் எந்திரம் இன்று கேபிளையும் போடும். ஊசிக்கு ஊசி கண்ணியை மாற்றித் தானே சாய்த்துக்கொள்ளும். அதனால்தான் கைப்பின்னலுக்கு விலை கேட்பது கடினமாகிறது என்று வியாபாரிகள் சொல்வார்களாம். ஆனால் எந்திரத்தில் கணக்கைப் போட்டுக் கொடுக்கும் டிசைனருக்குச் சம்பளம் உண்டு. கையால் பின்னுகிறவர் அதே கணக்கைத் தானே போடும்போது அது ஏன் இலவசமாக வேண்டும்?

இந்த முறை நான்கு பேரும் ஒன்றாகக் கேட்டிருக்கிறார்கள். எடைக் கூலி அப்படியே இருக்கட்டும். கேபிளுக்குக் கயிறு ஒன்றுக்கு இவ்வளவு என்று தனியாக வேண்டும். புது அளவுக்குக் கணக்குப் போட்டால் அதற்கு ஒரு நாள் கூலி வேண்டும். இளையவள் நோட்டுப் பேப்பரில் எழுதி, நான்கு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. சரக்கு எடுப்பவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். பதில் வரும்வரை கையில் இருக்கும் ஆர்டரை முடிப்பார்கள், புது நூல் வாங்கமாட்டார்கள்.