தூக்கக் கூடாது

செருப்பைக் கழற்றும்போதே விதிகளைச் சொல்லிவிட்டார்கள். குழந்தைகளைத் தூக்கக் கூடாது. கூட உட்கார்ந்து வரையலாம், விளையாடலாம், சக்கர நாற்காலி தள்ளலாம். மடியில் ஏறினால் மெல்ல இறக்கிப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். மிட்டாய், பொம்மையெல்லாம் அலுவலக அறையில் கொடுத்துவிட வேண்டும். ஃபோட்டோ கிடையாது.

2019 மார்ச்சில் அலுவலக வேலையாக மூன்று வாரம் பெய்ஜிங்கில் இருந்தேன். எங்கள் டீமில் டெஸ்டிங் பார்க்கும் சீனத் தோழி சனிக்கிழமைகளில் நகரத்துக்கு வெளியே இருக்கும் இந்த இல்லத்துக்கு வருவார். "பெருஞ்சுவர்தான் பாத்துட்டீங்களே, இந்த வாரம் என்கூட வாங்க" என்று கூட்டிவந்திருந்தார்.

ஒரு சுற்றுச்சுவருக்குள் ஆறேழு சின்ன வீடுகள். வீட்டுக்கு ஐந்து குழந்தைகள், பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள். அவர்களை எல்லோரும் 'ஆயி' என்றார்கள். சீனத்தில் சித்தி, அத்தை வயதுப் பெண்களைக் கூப்பிடும் சொல். வீட்டு வேலைக்கு வருபவரும் ஆயிதான். எங்கள் ஊரில் அம்மாவின் அம்மா அம்மாயி என்பதால் எனக்கு அந்தச் சொல் சட்டென்று வாயில் ஒட்டிக்கொண்டது. குழந்தைகள் வெவ்வேறு மாகாணங்களின் அரசு நல இல்லங்களிலிருந்து வந்தவர்கள். பிளவுபட்ட உதடு, முதுகுத்தண்டுக் குறைபாடு, மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம். அறுவை சிகிச்சையும் வளர்ப்பும் இங்கே, காகிதப்படி பாதுகாவலர் அந்த அரசு இல்லம்.

சீனாவில் கைவிடப்பட்ட குழந்தை என்றதும் ஒற்றைக் குழந்தைக் கொள்கையும் பெண் சிசுக்களும்தான் நமக்கு நினைவுக்கு வரும். அது முந்தைய கதை. பின்னாட்களில் இல்லங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் உடல்குறையோடு பிறந்தவர்கள். நம் தொட்டில் குழந்தைத் திட்டம் போல 2014 ஜனவரி இறுதியில் குவாங்சோ நகரில் ஓர் அறையைத் திறந்தார்கள். மார்ச் நடுவில் மூடிவிட்டார்கள், தாக்குப்பிடிக்க முடியவில்லை. அதற்குள் வந்த குழந்தைகள் 262. எல்லோருக்குமே நோயோ குறைபாடோ இருந்தது. விட்டுப்போனவர்களைத் திட்டுவது எளிது. மருத்துவச் செலவுக்கு வழியில்லாதவர்கள், விட்டுவிட்டால் அரசாவது வைத்தியம் பார்க்கும் என்று நம்பியவர்கள் அவர்களில் உண்டு.

முதல் வீட்டில் நுழைந்ததுமே நான்கு வயதுப் பையன் ஒருவன் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டான். மேலுதட்டில் தையல் தழும்பு. மொழி தெரியாத நாட்டில் என்னைப் பார்த்து ஒரு குழந்தை இவ்வளவு சந்தோஷப்படுகிறதே என்று உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் தண்ணீர் கேன் போடுபவர் வந்தார். அவர் காலையும் அதேபோல் கட்டிக்கொண்டான்.

ஆயி சிரிக்கவில்லை. "வந்து மூணு மாசம்தான் ஆச்சு. நான் லீவுல போனாகூட இவன் அழறதில்ல" என்றார். தோழி மொழிபெயர்த்துவிட்டு, "அழுதா நல்லதுன்னு சொல்றாங்க" என்று சேர்த்துக்கொண்டார். அங்கே இன்னொரு சிறுமி இருந்தாள். ஆயி சமையலறைக்கு எழுந்து போனாலே வீறிட்டாள். அதைச் சொல்லும்போது மட்டும் ஆயியின் முகத்தில், பிள்ளை முதல் ரேங்க் வாங்கிய அம்மாவின் களை.

அறைக்குத் திரும்பி இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில் 2000-இல் தொடங்கிய ஓர் ஆய்வு. அரசு விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மீதிப்பேருக்கு வழக்கமான ஏற்பாடே தொடர்ந்தது. பட்டன் பச்சையா நீலமா என்று நாங்கள் அன்றாடம் செய்யும் ஏ/பி டெஸ்டை, குழந்தைகளை வைத்து. படித்ததும் கோபம் வந்தது. ஆனால் அங்கே அதுவரை வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாடே பெயரளவில்தான். ஆய்வுக்காகத்தான் அந்தக் குடும்பங்களையே உருவாக்கினார்கள். விடுதியிலிருந்து ஒரு குழந்தை வேறு வழியில் குடும்பத்துக்குப் போனால் தடுக்கவும் இல்லை. என் கோபம் பாதிதான் அடங்கியது. குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி மேம்பட்டது, இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கு இன்னும் நன்றாக. அந்நியர் யாராக இருந்தாலும் கூடவே கிளம்பிவிடும் சுபாவத்தைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். அது பாசம் இல்லை. யாரும் நிலையாக இல்லாத இடத்தில் வளர்ந்ததன் அடையாளம்.

நம் ஊரிலும் பிறந்தநாளுக்கு இல்லத்தில் கேக் வெட்டப் போகிறோம். எல்லாக் குழந்தைகளையும் மாற்றி மாற்றித் தூக்கி, ஃபோட்டோ எடுத்து, கண்கலங்கிக் கிளம்புகிறோம். நமக்கு ஒரு மதியம். அந்தக் குழந்தைக்கு இன்னொரு ஆள் வந்துவிட்டுப் போயிருக்கிறார், அவ்வளவே.

கடைசி வீட்டில் பதினோரு வயதுச் சிறுமி, மூளை முடக்குவாதம். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை, தோல் நகமளவுத் துண்டுகளாக வந்தது. என் கை தானாக நீண்டது. ஆயி கண்ணாலேயே 'வேண்டாம்' என்றார். உரித்து முடிக்க இருபது நிமிடம். எனக்கு ஒரு சுளை தந்துவிட்டு, "எத்தனை நாள் இருப்பீங்க?" என்று கேட்டாள். வருகிறவர்களிடமெல்லாம் அவள் கேட்கும் கேள்வியாம். வியாழக்கிழமை வரை என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஆரஞ்சை எடுத்தாள்.

அந்த வருடக் கடைசியில் ஓர் அமெரிக்கக் குடும்பம் அவளைத் தத்தெடுக்க விண்ணப்பித்தது. அவள் அறையில் அவர்கள் அனுப்பிய ஃபோட்டோ ஒட்டப்பட்டிருந்தது, நாய் உட்பட. 2020-இல் கொரோனாவால் எல்லாம் நின்றது. 2024 செப்டம்பரில் சீனா வெளிநாட்டுத் தத்தெடுப்பையே முடித்துக்கொண்டது. நெருங்கிய உறவினர், மாற்றாந்தாய் தந்தையர் மட்டும் விதிவிலக்கு. 1992 முதல் 1.6 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் போன வழி. தன் பிள்ளைகளைத் தானே வளர்ப்பேன் என்று ஒரு நாடு சொல்வதில் தவறில்லை. குடும்பத்தின் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு மட்டுமாவது கதவைத் திறந்து வைத்திருக்கலாம்.

செய்தியைப் பார்த்ததும் தோழிக்கு எழுதினேன். பிள்ளைகளை அந்தந்த மாகாணங்களுக்கே திருப்பி அழைத்துக்கொண்டார்கள், இல்லம் மூடி இரண்டு வருடமாகிறது என்று பதில் வந்தது. அந்த வீட்டின் ஆயி இப்போது ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாராம். மாதத்தில் ஒரு ஞாயிறு ரயிலேறிப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வருகிறார். போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம். பார்க்க அனுமதி ஒரு மணி நேரம்.